பத்தாயச் சாவியும் திண்ணையும்: தன்பாலீர்ப்புள்ள பிள்ளைக்கு வாலிபர் ஐக்கியத்தில் இடம் உண்டா?

எங்கள் சபையில் கீபோர்டு வாசிக்கும் பையன் ஒருவன் இருந்தான். கல்லூரியில் இரண்டாம் வருடம். கேரல் ரவுண்ட்ஸ் போகிற இரவுகளில் கீபோர்டைத் தோளில் தூக்கிக்கொண்டு ரப்பர் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் முன்னால் நடப்பான். ஒருநாள் அவனுடைய செல்போனை யாரோ எடுத்துப் பார்த்துவிட்டார்கள். இன்னொரு பையனுக்கு அவன் எழுதிய செய்திகள் அதில் இருந்தன. அன்று சாயங்காலமே, சபையின் இளைஞர் அமைப்பான வாலிபர் ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவனை நீக்கினார்கள். அடுத்த ஞாயிறு கீபோர்டுக்கு முன்னால் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போது ஐக்கியத்தின் செயலாளர் நான். நானும் கேட்கவில்லை.

நம் மாவட்டத்தில் இது சின்ன விஷயம் கிடையாது. 2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்ட மக்களில் ஏறத்தாழ 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். பல ஊர்களில் வாலிபர் ஐக்கியம் அல்லது பங்கின் இளைஞர் இயக்கம்தான் கிரிக்கெட் அணி, அதுதான் ரத்ததானக் குழு, கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவதும் சாவு வீட்டில் நாற்காலி போடுவதும் அதே பிள்ளைகள்தான். அங்கிருந்து ஒருவனை விலக்கினால் ஊரிலிருந்தே விலக்கியதுபோல ஆகிவிடுகிறது.

அதன்பிறகு இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன், போதகர்களிடமும் கேட்டேன். மூன்று தனித்தனிக் கேள்விகளை நாங்கள் அன்று ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறோம் என்று புரிந்தது. ஒருவருடைய ஈர்ப்பு என்பது ஒன்று. அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது இன்னொன்று. சபையில் அவருக்கு என்ன இடம் என்பது மூன்றாவது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஈர்ப்பு என்றால் என்ன?

நம் வீடுகளில் இடதுகைப் பழக்கமுள்ள பிள்ளையை என்ன செய்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இடதுகையால் சோறெடுத்தால் கையில் ஒரு அடி. பள்ளியில் பென்சிலைப் பிடுங்கி வலதுகையில் திணிப்பார்கள். பிள்ளையும் அடிக்குப் பயந்து வலதுகையால் எழுதப் பழகிவிடும். ஆனால் திடீரென்று பந்து வந்தால் பிடிக்க நீளுவது இடதுகைதான். அந்தப் பிள்ளை அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, அடித்ததால் அது மாறவும் இல்லை. மறைக்க மட்டும் கற்றுக்கொண்டது.

காதலும் உடல் விருப்பமும் ஒருவருக்கு யார் பக்கம் தானாகத் திரும்புகிறதோ அதைப் பாலீர்ப்பு என்கிறோம். தன் பாலினத்தவர் பக்கமே திரும்பினால் அது தன்பாலீர்ப்பு. பதின்ம வயதில், பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு பெண்ணைப் பார்த்ததும் நெஞ்சு அடித்துக்கொள்கிற அதே நேரத்தில், இந்தப் பிள்ளைக்கு அது இன்னொரு ஆணைப் பார்த்து நடக்கிறது. பெண்பிள்ளைகளுக்கும் இப்படித்தான். ஏன் என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. ஏறத்தாழ 4,77,000 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து 2019இல் வந்த ஆய்வு, இதைத் தீர்மானிக்கும் ஒரே மரபணு என்று எதுவும் இல்லை என்றது. பிறப்புக்கு முந்தையதும் பிந்தையதுமான பல காரணிகள் சேர்ந்துதான் ஈர்ப்பு உருவாகிறது.

இடதுகை ஒப்பீட்டை இதற்குமேல் இழுக்கக் கூடாது. எந்தக் கையால் எழுதுவது என்பதை வேதம் பாவப் பிரச்சினையாகப் பேசவில்லை. உடலுறவைப் பற்றி நிறையப் பேசுகிறது. ஈர்ப்பு தேர்ந்தெடுத்து வருவதில்லை என்ற ஒன்றை விளக்க மட்டுமே இந்த ஒப்பீடு.

இதோடு இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் குழப்புகிறார்கள். ஒன்று, திருநங்கை, திருநம்பி. அவர்கள் விஷயத்தில் கேள்வி ‘நான் ஆணா, பெண்ணா’ என்பது. அதற்குப் பாலின அடையாளம் என்று பெயர். யார் மேல் ஈர்ப்பு என்பது வேறு கேள்வி. இரண்டாவது குழப்பம் மிக மோசமானது. தன்பாலீர்ப்புள்ளவர் என்றாலே ‘சின்னப் பிள்ளைகளைக் கெடுத்துவிடுவான்’ என்கிறார்கள். பிள்ளைகளிடம் பாலியல் அத்துமீறுவது குற்றம், யார் செய்தாலும் போக்சோ சட்டம் பாயும். பெண்களை விரும்புகிற ஆண்களும் அந்தக் குற்றத்தில் பிடிபடுகிறார்கள். அதற்காக எல்லா ஆண்களையும் ஞாயிறு பள்ளியிலிருந்து நாம் விலக்கவில்லை.

சரி, இதுவரை சொன்னது இவ்வளவுதான்: ஈர்ப்பு தானாக வருவது. அது பாலின அடையாளமும் இல்லை, பிள்ளைகளிடம் செய்யும் குற்றமும் இல்லை.

நோயா, பிசாசா?

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 1990இல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இது நோயல்ல என்று 2018இல் அறிவித்தது. இருந்தும் ‘டாக்டரிடம் காட்டி மாற்றிவிடலாம்’ என்று பெற்றோரிடம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மருந்தாலோ அதிர்ச்சியாலோ ஆலோசனையாலோ ஒருவருடைய ஈர்ப்பைத் திருப்ப முயல்வதை மாற்றுச் சிகிச்சை என்பார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று அதைத் தடுக்கச் சொன்னது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், ஒரு மருத்துவர் அதைச் செய்தால் தொழில் ஒழுங்கீனம் என்றது.

அந்த 2021 வழக்கில் என் மனதைத் தொட்டது தீர்ப்பு மட்டும் அல்ல. ஒருவரையொருவர் நேசித்த, மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் பெற்றோருக்குப் பயந்து சென்னைக்கு வந்த வழக்கு அது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, மனநல ஆலோசகர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினார். வாட்ஸ்அப்பில் ஒரு பெயரை அழிக்கும் முன் நாங்கள் யாரிடமும் போய் உட்காரவில்லை.

பிசாசு விஷயம். உபவாச ஜெபத்தில் நாலு பேர் பிடித்துக்கொள்ள, தலையை அழுத்தி, பையன் அழ அழ ‘விடுதலை’ கொடுப்பதாகச் சொல்லும் இடங்கள் உண்டு. ஜெபிக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பிள்ளை கேட்டு, அதன் சம்மதத்தோடு, அதன் கையைப் பிடித்து ஜெபிப்பது நல்லது. பிடித்து அழுத்துவது வன்முறை. அப்படி அழுத்தப்பட்ட பிள்ளைகள் கூட்டத்துக்குமுன் ‘மாறிவிட்டேன்’ என்று சாட்சி சொல்கிறார்கள். இடதுகைப் பிள்ளை வலதுகையால் எழுதிக் காட்டியதும் அப்படித்தான்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்த இருவர் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் கீழ் குற்றமில்லை என்றது. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம், ஒரே பாலினத்தவர் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்துவிட்டது. ஆகவே ‘நாளைக்குக் கோர்ட் சொன்னால் நம் ஆலயத்திலேயே கல்யாணம் நடத்த வேண்டிவருமே’ என்று பயப்பட இடமில்லை. அப்படி எந்தச் சட்டமும் இல்லை.

சபையில் ‘உறுப்பினர்’ என்றால் என்ன?

பழைய நாஞ்சில் நாட்டு வீடு ஒன்றை மனதில் வையுங்கள். வாசலில் திண்ணை, உள்ளே நெல் போட்டுவைக்கும் பத்தாயம். அந்த வீட்டுப் பிள்ளை என்பதற்கு அத்தாட்சி ரேஷன் கார்டில் இருக்கும் பெயர். அது பிறப்பால் வந்தது, நல்ல பிள்ளை என்பதற்காகக் கொடுத்த பரிசு இல்லை. திண்ணையில் வீட்டுப் பிள்ளைகளும் உட்காரலாம், அவர்களுடைய சிநேகிதர்களும் உட்காரலாம். பத்தாயத்துச் சாவி மட்டும் எல்லார் கையிலும் இருக்காது. பொறுப்பு யாருக்கோ அவர் இடுப்பில்தான் இருக்கும்.

சபையில் ஞானஸ்நானம் ரேஷன் கார்டு மாதிரி. தண்ணீராலும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தாலும் ஒருவரைக் கிறிஸ்துவின் சரீரத்தில் சேர்ப்பது அது. சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் குழந்தையிலேயே நடக்கும். வளர்ந்தபிறகு பேராயர் தலையில் கைவைத்து ஜெபிக்கும் திடப்படுத்தல் ஆராதனை உண்டு. அதற்குப்பிறகு திருவிருந்தில் பங்குபெறலாம். கத்தோலிக்க போதனையில் ஞானஸ்நானம் ஆன்மாவில் அழியாத முத்திரை. சபைவிலக்கு என்னும் கடுமையான தண்டனைகூட அந்த முத்திரையை அழிக்காது. பெந்தெகொஸ்தே சபைகளில் விசுவாசத்தை வாயால் அறிக்கையிட்டபிறகு முழுக்கு ஞானஸ்நானம். எங்குமே ‘உனக்கு யார் மேல் ஈர்ப்பு?’ என்று தொட்டியருகே கேட்பதில்லை.

வாலிபர் ஐக்கியம் திண்ணை மாதிரி. திடப்படுத்தல் எடுக்காத பிள்ளையும் வருகிறது. கிறிஸ்தவரல்லாத சிநேகிதன் பாட்டுப் பாட வந்தால் யாரும் துரத்துவதில்லை. அடுத்த சபைப் பையன் கிரிக்கெட்டுக்காகவே வருகிறான், அவனையும் சேர்த்துக்கொள்கிறோம். விசுவாசத்தில் முழுமை அடைந்தவர்கள் மட்டும் கூடுகிற இடமாக ஐக்கியம் என்றைக்கும் இருந்ததில்லை. வளருகிற வயதில் பிள்ளைகள் வந்து தங்கிக் கேட்டு வளருவதற்கான இடம் அது.

பத்தாயச் சாவி என்பது பொறுப்பு: ஐக்கியத் தலைவர், ஞாயிறு பள்ளி ஆசிரியர், சபைக் கமிட்டி. அதற்குக் கூடுதல் தகுதி கேட்பது நியாயம். ஆனால் சாவி கொடுக்கலாமா என்பதைப் பேசும்போதே பிள்ளையைத் திண்ணையிலிருந்து இறக்கிவிடுகிறோமே, நம் சபைகள் தடுமாறுவது அங்கேதான்.

வேதம் பேசும் இடங்கள்

இந்தப் பேச்சில் முக்கியமாக எடுக்கப்படும் வேதபகுதிகளை விரல்விட்டு எண்ணலாம். ஆதியாகமம் 19, லேவியராகமம் 18:22, 20:13, ரோமர் 1:26-27, 1 கொரிந்தியர் 6:9, 1 தீமோத்தேயு 1:10. இவற்றை இரண்டு விதமாக வாசிக்கிறார்கள்.

மரபு வழி வாசிப்பு இப்படிப் போகும்: தேவன் ஆணும் பெண்ணுமாகப் படைத்தார், இயேசுவும் மத்தேயு 19இல் அதையே எடுத்துச் சொன்னார், உடலுறவுக்கு இடம் ஆண்–பெண் திருமணம் மட்டுமே. ஆகவே ஒரே பாலின உறவு பாவம். இன்னொரு வாசிப்பு, இந்தப் பகுதிகள் கண்டிப்பது பலாத்காரத்தையும் விக்கிரக வழிபாட்டோடு சேர்ந்த காரியங்களையும் பலவீனரைச் சுரண்டுவதையும்தான், உண்மையாகச் சேர்ந்து வாழும் இருவரை அந்தக் காலத்து எழுத்தாளர்கள் மனதில் வைக்கவில்லை என்கிறது. நம் மாவட்டத்துப் பிரசங்க பீடங்களில் பெரும்பாலும் கேட்பது முதல் வாசிப்பு. என் சபையின் போதனையும் அதுதான். அதை மாற்றச் சொல்லி நான் இதை எழுதவில்லை. அந்தப் போதனைக்குள் நின்றுகொண்டே, நாங்கள் அந்தப் பையனுக்குச் செய்தது தவறு என்று சொல்கிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். ரோமர் 1ஆம் அதிகாரத்தைச் சத்தமாக வாசிக்கிறவர்கள் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதை எழுதிய பவுல் நிறுத்தவில்லை. அடுத்த அதிகாரத்தின் முதல் வரியிலேயே கேட்டவர்களைப் பார்த்துத் திரும்புகிறார்: “ஆகையால், மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனே, நீ யாரானாலும் சரி, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை.” 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரப் பட்டியலிலும் ஆண்புணர்ச்சிக்காரர் என்ற சொல்லுக்கு அடுத்த வசனத்தில் பொருளாசைக்காரர், வெறியர், உதாசினர் எல்லாரும் வரிசையாக நிற்கிறார்கள். நம் மாவட்டத்தில் சீதனம் எவ்வளவு என்று பேசி முடித்தபிறகுதான் பல கல்யாணங்களுக்குத் தேதியே குறிக்கிறோம். அதற்காக ஒரு மாப்பிள்ளையையும் ஐக்கியத்திலிருந்து நீக்கியதாக எனக்கு நினைவில்லை. சோதோமின் அக்கிரமம் என்ன என்று எசேக்கியேல் 16:49 விவரிக்கும் இடத்தில்கூட, கர்வமும் வயிறு நிறைந்த கவலையற்ற வாழ்வும், எளியவனுடைய கையைப் பலப்படுத்தாததும்தான் வருகின்றன.

சபையில் உறுப்பினராவதைப் பற்றிய பகுதி என்று நான் திரும்பத் திரும்பப் போவது அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்துக்கு. எருசலேமிலிருந்து ரதத்தில் திரும்பும் எத்தியோப்பியனை நம் பழைய தமிழ் வேதாகமம் ‘மந்திரி’ என்கிறது. மூலக் கிரேக்கத்தில் அவர் அண்ணகர், அதாவது விதையடிக்கப்பட்டவர். உபாகமம் 23:1இன்படி அப்படிப்பட்டவர் கர்த்தருடைய சபைக்கு உட்படக் கூடாது. ஏசாயா 56 அப்படிப்பட்டவருக்கே ஒரு வாக்குத்தத்தம் கொடுக்கிறது. அந்த எத்தியோப்பியர், வழியில் தனக்கு நற்செய்தி சொன்ன பிலிப்புவிடம் கேட்கிறார்: “இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?” தடையாக நீட்டிக் காட்ட ஒரு வசனம் இருந்தது. பிலிப்பு அதை நீட்டவில்லை, தண்ணீரில் இறங்கினார். அண்ணகரும் தன்பாலீர்ப்புள்ளவரும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. உடலைக் காரணம் காட்டி வாசலில் நிறுத்தப்பட்ட ஒருவரைச் சபை தன் முதல் வருடங்களில் எப்படி நடத்தியது என்பதைப் பார்க்கச் சொல்கிறேன்.

நமக்கும் அந்த வாசல் தெரியும். மயிலாடியில் 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே வந்தபோது சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். எங்கே நடக்கலாம், எவ்வளவு தூரத்தில் நிற்கலாம் என்று நம் பாட்டிமார்களுக்குச் சொல்லப்பட்டது. நாடார் பெண்கள் மேலாடை அணிய 1859 ஜூலை 26 அன்று அரசு அறிவிப்பு வரவேண்டியிருந்தது. அந்த அவமானமும் இதுவும் ஒன்றில்லை, ஆனால் வெளியே நிற்கவைக்கப்படுவது எப்படி இருக்கும் என்பது நம் சபைகளின் நினைவில் இருக்க வேண்டும்.

சபைகள் எழுத்தில் சொல்லியிருப்பது

சிஎஸ்ஐ, ஆங்கிலிக்கன் ஐக்கியம் என்னும் உலக அளவிலான சபைக் கூட்டமைப்பில் உறுப்பு. அந்த ஐக்கியத்தின் பேராயர்கள் கூடும் லாம்பெத் மாநாடு 1998இல் ஒரு தீர்மானம் போட்டது. ஒரே பாலின உறவு வேதத்துக்கு ஒவ்வாதது என்று அதில் தெளிவாக இருக்கிறது. அதே தீர்மானத்தில், தன்பாலீர்ப்புள்ளவர்களின் அனுபவத்தைக் கேட்க வேண்டும், ஞானஸ்நானம் பெற்று விசுவாசத்தில் உண்மையாயிருக்கிற எல்லாரும், ஈர்ப்பு எதுவானாலும், கிறிஸ்துவின் சரீரத்தில் முழு உறுப்பினர்கள் என்றும் இருக்கிறது. மாநாட்டுத் தீர்மானம் சபைகளைச் சட்டமாகக் கட்டாது. ஆனால் முதல் பாதியை மேற்கோள் காட்டுகிறவர்கள் இரண்டாம் பாதியை மறைக்கக் கூடாது.

கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டங்களில் இருப்பவர்களுக்குக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு இருக்கிறது. அதன் 2357ஆம் எண் அந்தச் செயல்களை ஏற்கவில்லை, 2359 கற்புநெறிக்கு அழைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் 2358, இவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாகப் பாகுபடுத்தும் எந்த அடையாளமும் கூடாது என்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2023 ஜனவரியில் தன்பாலீர்ப்பு குற்றமல்ல என்று வெளிப்படையாகச் சொன்னார்.

சுருக்கமாக: திருமணத்தில் கண்டிப்பாக நிற்கிற ஆவணங்கள்கூட, ஈர்ப்பைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையை ஐக்கியத்திலிருந்து நீக்கச் சொல்லவில்லை.

ஐக்கியத்தில் நடைமுறை

முதலில் நடத்தை. ஐக்கியத்துக்கு ஒழுங்கு வேண்டும் என்றால் அது எல்லாருக்கும் ஒரே ஒழுங்காக இருக்கட்டும். காதலிக்கும் ஆண்–பெண் பிள்ளைகளிடம் என்ன எதிர்பார்க்கிறோமோ அதைத்தான் இவனிடமும் எதிர்பார்க்கலாம். ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று மனதில் இருப்பது ஒழுங்கு மீறல் இல்லை. அப்படி மனதில் இருப்பதற்கே தண்டனை என்றால் ஐக்கியத்தில் யார் மிஞ்சுவார்கள்?

உண்மையிலேயே ஒழுங்கு மீறல் என்று ஒன்று நடந்தால் மத்தேயு 18:15-17 வரிசை சொல்கிறது. முதலில் தனியாகப் போய்ப் பேசு. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. சபைக்குச் சொல்வது அதற்கும் பிறகு. நாங்கள் தலைகீழாகச் செய்தோம். ஊருக்கு முதலில் தெரிந்தது, அவனுக்குக் கடைசியில் தெரிந்தது.

ஒரு பிள்ளை தானாக வந்து சொன்னால், அந்தச் செய்தி அந்தப் பிள்ளையுடையது. போதகரிடம் சொல்லலாமா, வீட்டில் சொல்லலாமா என்று பிள்ளையைக் கேட்ட பிறகுதான் எதையும் செய்ய வேண்டும். இதற்கு விதிவிலக்கு இரண்டு: பதினெட்டு வயதுக்குக் கீழான பிள்ளையை யாராவது பாலியல்ரீதியாகத் துன்புறுத்துகிறார்கள் என்றால் சட்டப்படி போலீசுக்கோ 1098 எண்ணுக்கோ தெரிவிக்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரிந்தால் தனியே விடாமல் கூடவே இருந்து மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். தமிழக அரசின் 104 எண்ணிலும் பேசலாம். ‘ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்பதை ஆலோசனையாக யாரும் சொல்ல வேண்டாம். அதில் ஒன்றுமறியாத இன்னொரு பிள்ளையின் வாழ்க்கையும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறது.

அப்புறம், ஐக்கியத் தலைவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி: முகாமில் எங்கே படுக்கவைப்பது? பதில் சிரமமில்லை. எல்லாரும் ஒரே பெரிய ஹாலில், பொறுப்பான பெரியவர்கள் இரண்டு பேர் கூட, இரண்டு பிள்ளைகள் மட்டும் தனியறையில் என்பது யாருக்குமே கிடையாது. இந்த விதி எல்லாப் பிள்ளைகளையும் பாதுகாக்கும். அவன் ஒருவனை மட்டும் வராந்தாவில் பாய் போட்டுப் படுக்கவைத்தால் அன்றிரவே முகாம் முழுவதற்கும் தெரிந்துவிடும்.

பொறுப்பு கொடுப்பது பற்றிச் சபைகளுக்குள் கருத்து வேறுபடும். போதகரும் கமிட்டியும் தங்கள் ஒழுங்குப்படி முடிவெடுக்கட்டும். ஆனால் கீபோர்டு வாசிப்பது, நாற்காலி அடுக்குவது, குடில் கட்டுவது இதெல்லாம் பத்தாயச் சாவி இல்லை.

பெற்றோர் விஷயம் மிச்சமிருக்கிறது. விஷயம் வெளியே தெரிந்ததும் அந்தப் பையனின் அம்மா சபைக்கு வருவதை நிறுத்திவிட்டார். நான் போய்ப் பார்க்கவே ஒரு வருடம் ஆனது. அடுக்களை வாசலில் மரச்சீனி உரித்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “நீங்க என்கிட்ட கேக்காதீங்க மக்களே, அவன்கிட்ட கேளுங்க” என்று சொல்லிப் பெங்களூரு நம்பரை எழுதிக் கொடுத்தார். அன்று ராத்திரி கூப்பிட்டேன். முதல் இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தான். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருவாயா என்று கேட்டதற்கு, கீபோர்டு இப்போது யார் வாசிக்கிறார்கள் என்று கேட்டான்.